திண்டுக்கல்லில் தூளி கட்ட யாரைக் கேட்க வேண்டும்?

திண்டு என்றால் சாய்ந்துகொள்ளும் தலையணை. ஊர் நடுவே திண்டு போட்டதுபோல ஒரு பாறை கிடந்ததால் திண்டுக்கல் ஆயிற்று என்பது இந்த ஊரின் பெயர்க்கதை. இப்படிப் பெயர் வாங்கிய ஊரில், உச்சிவெயில் நேரத்தில் ஒருவர் கால் நீட்டிப் படுக்கப் பொது இடம் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். மலைக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சீட்டு வாங்கி ஏறலாம், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். பேருந்து நிலையத்தில் உட்கார இடம் கிடைத்தாலே பெரிது. பூங்கா என்றால், தமிழ்நாட்டின் பல ஊர்களில் அது காலையில் நடப்பவர்களுக்கும் மாலையில் குழந்தைகளுக்கும் திறக்கும். நிழல் உண்மையாகத் தேவைப்படும் நடுப்பகலில் கதவில் பூட்டு தொங்கும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். அதற்காகப் பூங்காவையும் பூட்டியே வைக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் ஒரு புதுப் பழக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. இளைஞர்கள் பையிலிருந்து ஒரு சின்ன மூட்டையை எடுக்கிறார்கள். பிரித்தால் பாராசூட் துணியில் செய்த தொங்கு படுக்கை. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி, ஐந்து நிமிடத்தில் ஏறிப் படுத்து, கையில் கைப்பேசியோடு ஆடுகிறார்கள். இணையக் கடைகளில் ‘ஹமாக்’ என்று விற்பதும், நெடுஞ்சாலை ஓரத்தில் கயிற்றுக்காரர்கள் ‘வலை ஊஞ்சல்’ என்று தொங்கவிட்டு விற்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். 1492இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் இறங்கியபோது அங்கிருந்த மக்கள் இதில்தான் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சொல்தான் ஸ்பானியம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஐரோப்பியக் கப்பல்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பல நூற்றாண்டுகள் தங்கள் மாலுமிகளை அதில் தூங்க வைத்தார்கள்.

பூங்காவில் இதைக் கட்டலாமா, கூடாதா? கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. பூங்காக்களுக்கென்று தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி ஆகியவற்றைப் பாதுகாக்க வந்த சட்டம் அது. அதன் கவலையெல்லாம் பூங்கா நிலத்தை யாரும் வளைத்துப்போட்டுக் கட்டடம் எழுப்பிவிடக் கூடாது என்பது. இரண்டு மரங்களுக்கு இடையே அந்தரத்தில் படுத்திருப்பவனைப் பற்றி 1959இல் யார் யோசித்திருப்பார்கள்? ஆகவே நடைமுறையில் காவலாளியின் அன்றைய மனநிலைதான் சட்டம். நல்ல சட்டை போட்ட கல்லூரிப் பையன் என்றால் “தம்பி, சீக்கிரம் கழட்டிருப்பா” என்பார். அழுக்கு வேட்டிக்காரர் என்றால் குரல் வேறு மாதிரி வரும்.

விதி எழுதத்தான் வேண்டும். ஆனால் யாரை மனத்தில் வைத்து எழுதுவது என்பதில் கவனம் தேவை. ஏனென்றால் மரத்தில் துணி கட்டி ஆளைத் தொங்கவிடுவது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

வேடசந்தூர், நத்தம் பக்கத்து வேலைக்காட்டில் அதைப் பார்க்கலாம். பழைய நூல் சேலை ஒன்று, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. அதை இரட்டையாக மடித்துப் புளியமரக் கிளைக்கு மேல் வீசி, இரு முனையையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறாள் ஒரு தாய். முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டு ஒருமுறை தொங்கிப் பார்க்கிறாள்; அதுதான் சோதனை. துணி குழந்தையின் முகத்தில் சுருங்கி விழாமல் இருக்க நடுவே ஒரு குச்சியைக் குறுக்காகக் கொடுக்கிறாள். எறும்பு ஏறாத உயரம். குழந்தை புரண்டு விழுந்தாலும் அடிபடாத தாழ்வு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம், அது அவள் கைக்குத் தெரியும். தூளியைத் தட்டிவிட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகிறாள்.

நூறு நாள் வேலைக்கு வழி செய்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தூளியைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதியதுபோல் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. வேலைத்தலத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும். அவருக்கும் கூலி உண்டு. குழந்தைகளுக்கு நிழலும் ஓய்விடமும் இருக்க வேண்டும். நடைமுறையில் அந்த நிழல் பெரும்பாலும் ஒரு புளியமரமோ வேப்பமரமோதான். நாளை ஏதோ ஒரு மாநகராட்சி அவசரப்பட்டு “மரங்களில் எதையும் கட்டக் கூடாது” என்று ஒற்றை வரியில் தடை எழுதினால், அதில் முதலில் மாட்டப்போவது பாராசூட் துணிக்காரன் அல்ல. சாலையோரம் குழி தோண்டும் பெண்ணின் சேலைத் தூளி.

படுப்பது குற்றமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2011 ஜூன் 4ஆம் தேதி நள்ளிரவில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீஸார் எழுப்பி விரட்டினார்கள். அந்த வழக்கில் 2012 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தூக்கம் மனிதனின் அடிப்படைத் தேவை, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அதுவும் அடங்கும் என்று நீதிபதி பி.எஸ்.சௌஹான் எழுதினார். எவரும் எங்கும் பாய் விரிக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் தூங்கும் ஆளைத் திருடனைப்போல் நடத்தக் கூடாது என்பதற்கு அது போதும். நம் நகரங்களிலோ உட்காரும் பெஞ்சின் நடுவே ஒரு இரும்புக் கம்பியைப் பற்றவைத்து, யாரும் படுத்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். ஒப்பந்ததாரருக்குக் கூடுதலாக ஒரு கம்பிக்குக் காசு. படுக்க நினைத்தவருக்கு இடுப்பில் குத்து.

சரி, மரத்தின் பக்கம் நின்று பார்த்தால் என்ன? தடை கேட்பவர்களிடம் உள்ள ஒரே உருப்படியான நியாயம் இதுதான்.

தொங்கு படுக்கையின் கயிறு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மரத்தின் மேல் விழும் இழுப்பு மாறும். 60 கிலோ எடையுள்ள ஒருவர், கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருக்கும்படி தளர்வாகக் கட்டிப் படுத்தால், ஒவ்வொரு மரத்தையும் சுமார் 60 கிலோ எடைக்குச் சமமான விசை இழுக்கும். அதே ஆள் விறைப்பாக இழுத்துக்கட்டி, சரிவை 10 பாகைக்குக் கொண்டுவந்தால் இழுப்பு ஏறக்குறைய 170 கிலோ. ஐந்து பாகை என்றால் 340 கிலோவைத் தாண்டும். பள்ளிக்கூடத்தில் விசைகளின் பாடம் படித்த யாரும் போட்டுப் பார்க்கலாம். தொய்வாகக் கட்டினால் முதுகு வளையும் என்று நினைத்து இறுக்கிக் கட்டுபவர், தனக்கும் மரத்துக்கும் சேர்த்துத்தான் கெடுதல் செய்கிறார். கிராமத்துத் தூளி நேராகக் கீழ்நோக்கித் தொங்குவதால் அதில் இந்தச் சிக்கலே கிடையாது.

அடுத்தது கயிறு. மரப்பட்டைக்கு அடியில், இலை சமைத்த உணவை வேருக்கு இறக்குகிற மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. மெல்லிய நைலான் கயிறு அவ்வளவு இழுப்பையும் ஒரே கோட்டில் வைத்து அழுத்தினால், பட்டை நசுங்கி அந்த அடுக்கும் அறுபடும். மரத்தைச் சுற்றி முழு வளையமாக அறுபட்டால் மரம் மெல்லச் சாகும். ஓரிரு அங்குல அகலமுள்ள பட்டை நாடாவைக் கட்டினால் இந்தச் சேதம் வெகுவாகக் குறையும். வெளிநாட்டுப் பூங்காக்களில் இதை அனுமதிக்கும் இடங்களில் முதலில் கேட்பதும் இதைத்தான்: நாடா அகலமாக இருக்கட்டும், மரம் போதிய பருமனாக இருக்கட்டும், போகும்போது கழற்றிக்கொண்டு போங்கள். புளியும் முற்றிய வேம்பும் எடை தாங்கும். மயில்கொன்றை காற்றுக்கே முறியும். முருங்கையைப் பற்றித் திண்டுக்கல்காரர்களிடம் சொல்லவே வேண்டாம்.

மரத்தை விட்டுவிட்டுச் சுற்றுச்சுவர்த் தூணிலும் செங்கல் கம்பத்திலும் கட்டுவது இன்னும் மோசம். அவை மேலிருந்து வரும் எடையைத் தாங்கக் கட்டியவை. பக்கவாட்டில் இழுத்தால் சரியும். அமெரிக்காவில் தூண் சரிந்து படுத்திருந்தவர்கள் மேலேயே விழுந்து உயிர் போயிருக்கிறது. நம் ஊரில் வேறு வகை ஆபத்து. சேலைத் தூளியில் சுற்றி விளையாடிய பிள்ளையின் கழுத்து இறுகிய செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. பெரியவர் கண் பக்கத்தில் இல்லாமல் தூளியில் பிள்ளைகள் ஆடக் கூடாது என்பதைப் பூங்காப் பலகையில் எழுதினால் அது உயிரைக் காக்கிற வரி. “புல்தரையில் நடக்காதீர்” எந்த உயிரைக் காத்தது என்று தெரியவில்லை.

மரத்தின் மேல் இவ்வளவு அக்கறை இருக்கிறது என்றால், திண்டுக்கல்லின் எந்தச் சாலையிலும் நடந்து நிழல்மரங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். டியூஷன் சென்டர் பலகை, வாடகைக்கு வீடு, மூலம் பவுத்திர வைத்தியம், கண்ணீர் அஞ்சலி. ஒவ்வொன்றுக்கும் நாலு ஆணி. கேபிள் வயர் கிளைக்குள் புதைந்து, பட்டை அதைச் சுற்றி வளர்ந்து மூடிவிட்டிருக்கும். கன்று நட்டபோது வைத்த இரும்புக் கூண்டை எடுக்க மறந்து, அது மரத்தின் இடுப்பைப் பிடித்து நெரித்துக்கொண்டிருக்கும். 2019இல் சென்னை மாநகராட்சி, மரத்தில் ஆணி அடித்து விளம்பரம் வைப்பவர்களுக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் என்று எச்சரித்தது. ஆணியைப் பல்லாண்டு பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, அரை மணி நேரம் கட்டிய நாடாவுக்கு விசில் ஊதுவது நியாயமாகாது.

இதுவரை சொன்னது பகல் கதை. இரவு வேறு.

இரவில் பூங்காவைப் பூட்டுவதை எதிர்க்க வேண்டியதில்லை. வீடில்லாதவர்கள் படுக்கப் பூங்காவைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பது கருணைபோலத் தோன்றும். அவர்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியது அதைவிடப் பெரியது. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுத் தங்குமிடம் என்று உச்ச நீதிமன்றம் கணக்கே சொல்லியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே திண்டுக்கல் நகரம் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கூரையும் கழிப்பறையும் உள்ள இடம் கேட்க வேண்டியவருக்கு வேப்பமரத்தடியைக் காட்டி முடித்துக்கொள்ளக் கூடாது.

ஊரே வெளியில் படுக்கும் இரவுகளும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. தை பிறந்தால் பழனிக்குப் பாதயாத்திரை. செட்டிநாட்டுப் பக்கமிருந்து காவடியோடு கிளம்பும் நகரத்தார் நத்தம் வழியாகத் திண்டுக்கல்லைத் தொட்டு, ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி போகிறார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் ஊர் ஊராக ஆயிரக்கணக்கானோர். தோப்பு, மண்டபம், பள்ளிக்கூடத் திண்ணை, பெட்ரோல் பங்க் ஓரம் என்று கிடைத்த இடத்தில் துண்டை விரிக்கிறார்கள். கைக்குழந்தையோடு வருபவர்கள் மரம் பார்த்துத் தூளி கட்டுகிறார்கள். யாரும் அனுமதிச் சீட்டு கேட்பதில்லை. எந்த ஊரில் எத்தனை மணிக்குத் தங்குவது, எப்போது எழுந்து நடப்பது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த ஒழுங்கு. தோப்புக்காரர்கள் திட்டுவது தூங்கியதற்காக அல்ல. மறுநாள் காலையில் கிடக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கும், மறைவிடம் தேடிப் போனதால் வரும் நாற்றத்துக்கும்தான். வெளியில் தங்குவதற்கு விதி எழுத உட்காருபவர்கள் இந்த அனுபவத்தைக் கேட்டுவிட்டு எழுதலாம். அவர்கள் முதலில் சொல்லப்போவது குப்பைத்தொட்டியும் கழிப்பறையும்.

காடு என்று வந்துவிட்டால் மட்டும் பேச்சுக்கு இடமே இல்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம். அய்யலூர்ப் பக்கத்துக் கரட்டுக்காட்டில் அந்தச் சின்ன உயிர் பகலெல்லாம் கிளை மறைவில் சுருண்டு தூங்கி, இருட்டியபின் கிளைவிட்டுக் கிளை ஊர்ந்து பூச்சி பிடிக்கும். முடிந்தவரை தரையில் இறங்காது. இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, நெற்றியில் விளக்கு மாட்டி, பாட்டு வைத்துக்கொண்டு படுப்பவர் அதன் சாலையை மறித்துப் படுக்கிறார் என்றுதான் அர்த்தம். சிறுமலையில் காட்டுமாடு திரிகிறது. பழனி மலை அடிவாரத்தில் தோட்டங்களுக்குள் யானை இறங்குவது அடிக்கடி வரும் செய்தி. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2018 மார்ச் 11ஆம் தேதி, பக்கத்துத் தேனி மாவட்டத்தின் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம் என்பது 1882ஆம் ஆண்டு வனச்சட்டத்திலிருந்து இருக்கிறது. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளும் வந்தன. கொடைக்கானல் மலைக் கிராமங்களில் அனுமதியில்லாக் கூடாரங்களை அதிகாரிகள் பிரித்துப்போடுவதைக் கெடுபிடி என்று சுற்றுலாக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். அதில் அதிகாரிகள் பக்கம்தான் நியாயம்.

காட்டுக்குச் சரியான கண்டிப்பு ஊர்ப் பூங்காவுக்குத் தேவையில்லை. அங்கே யானையும் இல்லை, தேவாங்கும் இல்லை. இரண்டுக்கும் ஒரே ‘கூடாது’ எழுதுவது சோம்பல்.

சிங்கப்பூர் கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன நாடு. தரையில் துப்பினால் அபராதம் போடும் ஊர். அங்கேயே கிழக்குக் கடற்கரைப் பூங்கா, பாசிர் ரிஸ், மேற்குக் கடற்கரைப் பூங்கா போன்ற இடங்களில் கூடாரம் போட்டுத் தங்க அனுமதிச் சீட்டு வாங்கலாம். எந்தப் பகுதியில் போடலாம் என்று குறித்திருக்கிறார்கள். இடம் சொல்லி, நாள் சொல்லி, பொறுப்பை வாங்குபவர் பேரில் எழுதிவிட்டால் காவலாளி யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. அங்கே போய்வந்த நம்மவர்கள் வியந்து பேசுவது கட்டடங்களைப் பற்றித்தான். இந்தச் சின்னச் சீட்டைப் பற்றியும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

திண்டுக்கல் 2014இல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சி என்ற பலகைக்குத் தகுந்தபடி ஒரு பூங்காவையாவது எடுத்துச் செய்துகாட்ட முடியும். முற்றிய மரம் உள்ள ஒரு மூலையைக் குறித்துவிட்டு, இங்கே நாடா போட்டுக் கட்டலாம், மெல்லிய கயிறு கூடாது, இடுப்பு உயரத்துக்கு மேல் கூடாது, விளக்குக் கம்பத்திலும் சுவரிலும் கட்டவே கூடாது என்று தமிழில் நாலு வரி எழுதிவைத்தால் போதும். மரம் இல்லாத புதுப் பூங்கா என்றால், சிமெண்ட் குழியில் இறக்கிய இரண்டு இரும்புக் குழாய்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும் போடச் செலவழிக்கும் பணத்தில் இது ஒரு மூலைக்குக் காணாது. சேலைத் தூளியும் நைலான் தூளியும் அங்கே ஒரே மாதிரி நடத்தப்பட வேண்டும். வந்தவரின் சட்டையைப் பார்த்து விதி மாறக் கூடாது. பெஞ்சு நடுவில் பற்றவைத்த கம்பிகளை அறுத்தெடுக்க ஒரு வெல்டர் அரை நாள் வந்தால் வேலை முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நடுப்பகல் பூட்டு. சென்னை மாநகராட்சி 2024இல் தன் பூங்காக்களைக் காலை 5 மணியிலிருந்து இரவு 9 மணிவரை இடைவெளியில்லாமல் திறந்துவைக்க முடிவெடுத்தது. கடல் காற்று வீசும் சென்னைக்கே அது தேவைப்பட்டது என்றால், கடலைக் கண்ணில் காணாத திண்டுக்கல்லுக்கு இன்னும் அதிகம் தேவை. சந்தைக்கு மூட்டை இறக்க வந்தவர், அரசு மருத்துவமனையில் உள்ளே படுத்திருப்பவருக்குத் துணையாக வந்தவர், அடுத்த பேருந்துக்கு மூன்று மணி நேரம் காத்திருக்கும் பாட்டி, எல்லோரும் அந்த நேரத்தில்தான் நிழல் தேடுகிறார்கள். மாமன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம், வாசலில் ஒரு பலகை. வார்டு உறுப்பினர்கள் மாசிக்குள் அதைக் கொண்டுவர வேண்டும். பங்குனி பிறந்தால் வெயில் யாரையும் கேட்காமல் வந்துவிடும்.